பெரிய கிளப் பெஞ்சா, சின்ன கிளப் ஆட்டமா? வெளிநாடு போகும் ஸ்டிரைக்கரின் நான்கு வழிகள்

2021 ஜனவரி 17. கொரோனா காலம் என்பதால் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் கால்பந்து மைதானம் காலியாகக் கிடக்கிறது. ஷால்க அணிக்கு எதிரான ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது, கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட ஸ்டிரைக்கர் லூகா யோவிச் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வருகிறார். சில நாட்களுக்கு முன்புதான் ஸ்பெயினின் பெரிய கிளப்பான ரியால் மாட்ரிட்டிலிருந்து லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாக, வந்து இறங்கியவர். ஆட்டம் முடியும்போது ஸ்கோர் 3-1. கடைசி இரண்டு கோலும் அவருடையவை.

மாட்ரிட்டில் ஒன்றரை சீசன் முழுக்க அவர் அடித்ததும் இரண்டு கோல்தான். அதே ஆள், இங்கே அரை மணி நேரத்துக்குள் அந்தக் கணக்கைச் சமன் செய்துவிட்டார். வெளிநாட்டில் ஆடப் போகும் எந்த ஸ்டிரைக்கரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு கணக்கை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். பெரிய லீகின் பெரிய கிளப்பில் இரண்டாவது, மூன்றாவது ஸ்டிரைக்கராக ஓர் இடம். நெதர்லாந்து, பெல்ஜியம், போர்ச்சுகல், ஆஸ்திரியா மாதிரி நடுத்தர லீகில் முதல் ஸ்டிரைக்கராக ஓர் இடம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி நாட்டின் இரண்டாம் டிவிஷன். அப்புறம் பணம்: ஆட்டத்தின் தரம் கொஞ்சம் குறைவு, சம்பளம் பல மடங்கு.

ஆளுக்கு 21 வயது, சொந்த நாட்டு லீகில் போன சீசனில் 15 கோல் அடித்திருக்கிறார், நாலு ஒப்பந்தமும் ஒரே மேசையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்னைக் கேட்டால் இரண்டாவதை எடுக்கச் சொல்வேன். மூன்றாவதையும் யோசிக்கலாம். முதலாவதைப் பார்த்து மயங்க வேண்டாம். நாலாவது 30 வயதுக்கு மேல் வரட்டும். ஆனால் நடுத்தர லீக்தான் நல்லது என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போனால் அது பாதி உண்மை. அங்கே போய் ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை வாங்கி ஏமாந்த கிளப்புகளும் இருக்கின்றன.

பெரிய பெயர், சின்ன இடம்

யோவிச்சுக்கு 2019-இல் மாட்ரிட் கொடுத்தது சுமார் 6 கோடி யூரோ. அதற்கு முந்தைய சீசனில் ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லீகாவில் 17 கோல், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீகில் 10 கோல். டுசல்டார்ஃபுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5. வாங்கியதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவர் தனியாக ஆடவில்லை. பக்கத்தில் செபாஸ்டியன் ஹாலர், அன்டே ரெபிச். நெட்டையான ஹாலர் மேலே வரும் பந்தைத் தலையிலோ மார்பிலோ வாங்கி இறக்கி வைப்பார். ரெபிச் ஓடி ஓடியே டிஃபெண்டர்களைக் கலைப்பார். பெனால்டி பாக்ஸுக்குள் கிடைக்கிற அரை நொடியில் யோவிச் முடித்துவிடுவார். மாட்ரிட்டில் நடு ஸ்டிரைக்கருக்கு ஒரே ஓர் இடம், அந்த இடத்தில் கரீம் பென்சிமா. சீசன் முழுக்க மூன்று கோல் மட்டும் அடித்திருந்தால்கூட பென்சிமாவை யாரும் உட்கார வைத்திருக்க மாட்டார்கள்.

பெஞ்ச் என்பது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே பெஞ்ச் இல்லை. இரண்டாவது கோல்கீப்பர் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் அவரைப் பற்றி யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். ஸ்டிரைக்கர் 85-ஆவது நிமிடத்தில் உள்ளே வருவார். அணி முன்னிலையில் இருந்தால் அவரைக் கீழே இறங்கித் தடுக்கச் சொல்வார்கள். பின்தங்கி இருந்தால் எதிரணியின் பத்துப் பேரும் பாக்ஸுக்குள் நிற்பார்கள். எட்டு நிமிடத்தில் பந்து மூன்று தடவை காலில் படும். மறுநாள் கணக்கில் ‘ஓர் ஆட்டம், 0 கோல்’ என்று ஏறிவிடும். இப்படிப் பதினைந்து ஆட்டம் சேர்ந்தால், அடுத்து அவரை வாங்க நினைக்கிற கிளப் பார்க்கப் போவது அந்த எண்ணைத்தான். அதற்குப் பின்னால் மொத்தமே 120 நிமிடம்தான் இருக்கிறது என்று உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பவர் குறைவு.

இந்த இடத்தில் யாராவது ஓலே குன்னர் சோல்ஷயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நியாயம்தான். நார்வேயின் மோல்டவிலிருந்து 1996-இல் மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்தவர், பெஞ்சிலிருந்து எழுந்து கோல் அடிப்பதையே ஒரு கலையாக்கியவர். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டத்தில் கடைசி 20 நிமிடத்துக்கு இறங்கி நாலு கோல். அதே வருஷம் மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதியில், 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் வெற்றி கோல். ஆனால் அவர் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வந்த முதல் சீசனிலேயே அவர் லீகில் 18 கோல் அடித்தார், அதுவும் முக்கால்வாசி ஆரம்பத்திலிருந்து ஆடியே. பெஞ்சில் உட்கார்வதற்கு முன்பே தன்னை நிரூபித்துவிட்ட ஆள். நம் 21 வயதுக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

2022-இல் ஒரு ஆட்டத்துக்கு ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்பது நிரந்தர விதியானது. இதனால் பெஞ்சின் மதிப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏஜென்ட்டுகளும் இதைத்தான் சொல்லி விற்கிறார்கள். அந்த ஐந்தில் ஸ்டிரைக்கருக்குக் கிடைப்பது ஒன்றுதான், அதுவும் தினமும் கிடைக்காது.

சட்டத்தில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. ஒரு சீசனில் கிளப் ஆடிய அதிகாரபூர்வ ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே களமிறக்கப்பட்ட ஆட்டக்காரர் அதைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. கிளப்பின் கடைசி ஆட்டம் முடிந்த 15 நாளுக்குள் செய்ய வேண்டும். ஆனால் அது ‘நிலைபெற்ற தொழில்முறை ஆட்டக்காரருக்கு’ மட்டும். தான் நிலைபெற்றவன் என்று 21 வயதில் வாதாடி ஜெயிப்பது பந்தை வலைக்குள் போடுவதைவிடச் சிரமம்.

பெரிய கிளப் வழியில் உருப்படியான ஒரே கிளை லோன். ரொமேலு லுகாகு 18 வயதில் ஆண்டர்லெக்ட்டிலிருந்து செல்சிக்குப் போனார். முதல் சீசனில் லீக் கோல் பூஜ்யம். அடுத்த சீசன் வெஸ்ட் பிராம்விச்சுக்கு லோன்: 17 கோல். அதில் மூன்று, மான்செஸ்டர் யுனைடெடுக்கு எதிராக, அதன் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனின் கடைசி ஆட்டத்தில், 45 நிமிடத்தில். சரி, அப்படியென்றால் பெரிய கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு லோனில் போகலாமே? போகலாம். ஆனால் எந்த ஊருக்கு, எந்த கோச்சிடம் என்பதை முடிவு செய்வது அவர் இல்லை, கிளப். ஒவ்வொரு கோடையிலும் பெட்டியைக் கட்டி, புது மொழி, புது வீடு. லோனில் எடுத்த கிளப்புக்கும் அவர் அடுத்த வருஷம் இருக்கமாட்டார் என்று தெரியும். அவரை வைத்து அணியைக் கட்டுவது அபூர்வம்.

நடுவில் ஒரு படி

இந்த வழியில் போனவர்களின் பட்டியல் நீளம். ரொனால்டோ நசாரியோ 17 வயதில் பிரேசிலிலிருந்து நேராக பார்சிலோனாவுக்குப் போகவில்லை. 1994-இல் நெதர்லாந்தின் பிஎஸ்விக்குப் போனார், முதல் சீசனிலேயே லீகில் 30 கோல். அதே கிளப்புக்கு அவருக்கு முன் போனவர் ரொமாரியோ. நார்வேக்காரரான எர்லிங் ஹாலண்ட் மோல்டவிலிருந்து சால்ஸ்பர்க், அங்கிருந்து டார்ட்மண்ட், அங்கிருந்து மான்செஸ்டர் சிட்டி. ஒவ்வொரு படியிலும் முதல் பதினொன்றில் இடம் உறுதியான பிறகே அடுத்த படி. கனடாவின் ஜொனதன் டேவிட் பெல்ஜியத்தின் கென்ட்டில் ஆரம்பித்தார். இரண்டாவது சீசனில் 18 லீக் கோல், அப்புறம் லீல், முதல் வருஷத்திலேயே பிரெஞ்சு சாம்பியன் பட்டம். 2025-இல் ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திருந்து, மாற்றுத் தொகை எதுவும் இல்லாமல் யுவென்டஸுக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தொகை இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்று 1995-இல் வந்த போஸ்மன் தீர்ப்பின் பலன் இது. கிளப்புக்குப் போக வேண்டிய தொகை மிச்சமானால் ஆட்டக்காரர் சம்பளத்தில் பேரம் பேச இடம் கிடைக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் விக்டர் ஒசிமென். நைஜீரியாவிலிருந்து நேராக ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்குக்குப் போனார். அங்கே ஒரு கோல்கூட இல்லை. 2018-இல் பெல்ஜியத்தின் ஷார்லரவா கிளப்புக்கு லோன். சீசன் முடியும்போது எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோல். அங்கிருந்து லீல், அங்கிருந்து நாப்போலி. 2022-23-இல் 26 லீக் கோல், நாப்போலிக்கு 33 வருஷத்துக்குப் பிறகு இத்தாலிய சாம்பியன் பட்டம். முதலில் பெரிய படியில் காலை வைத்துச் சறுக்கி, இறங்கி, மறுபடி நடுப்படியிலிருந்து ஏறிய ஆள். அவரையே கேட்டால் எந்த வரிசையில் ஏறியிருக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்வார் என்று நினைக்கிறேன்.

நெதர்லாந்தில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும், 20 வயதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரருக்கு அந்த நாட்டு முதல் டிவிஷனின் சராசரிச் சம்பளத்தில் 150 சதவீதமாவது கொடுக்க வேண்டும். சின்ன கிளப்புக்கு இது பெரிய பாரம். அதனால் வெளியாட்களை எடுப்பதற்கே யோசிப்பார்கள். ஆனால் எடுத்துவிட்டால்? அவ்வளவு காசைக் கொட்டிய ஆளைப் பெஞ்சில் உட்கார வைக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது. கதவு குறுகலாக இருப்பதே உள்ளே போனவருக்கு ஒரு வகையில் காவல்.

இன்னொரு காரணம் வியாபாரம். இந்த லீகுகளில் பல கிளப்புகள் பிழைப்பதே ஆள் விற்று. ஸ்டிரைக்கர் கோல் அடித்தால்தான் விற்க முடியும், ஆட வைத்தால்தான் கோல் அடிப்பார். கிளப்பின் லாபமும் ஆட்டக்காரரின் லாபமும் ஒரே பக்கம் இழுக்கிற அபூர்வமான இடம் இது. ஒரே சிக்கல், விலையை ஏற்றி ஏற்றி விடாமல் பிடித்துக்கொள்வார்கள். அதற்குத்தான், இவ்வளவு கொடுத்தால் ஆளை விட்டாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு விடுவிப்புத் தொகையை எழுதி வாங்குவது. டார்ட்மண்டில் ஹாலண்டுக்கு அப்படி ஒன்று இருந்தது. அதனால்தான் 2022-இல் சுமார் 6 கோடி யூரோவுக்கு சிட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. வெளிச்சந்தையில் விட்டிருந்தால் அந்த விலைக்கு அவருடைய இடது கால் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

இனி மறுபக்கம். மட்டேயா கெஸ்மன் பிஎஸ்விக்காக 2002-03 சீசனில் 35 லீக் கோல் அடித்தார். 2004-இல் செல்சிக்குப் போனார், லீகில் 4 கோல். அஃபோன்சோ ஆல்வ்ஸ் ஹீரன்வேன் கிளப்புக்காக 2006-07-இல் 34 கோல். அடுத்த சீசனில் ஹெராக்லஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 கோல், ஸ்கோர் 9-0. 2008 ஜனவரியில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ அதுவரையிலான தன் வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்து அவரை வாங்கியது. அடுத்த வருஷம் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, ஆல்வ்ஸ் கத்தாருக்குப் போனார். அதே லீகில் கோல் குவித்த லூயிஸ் சுவாரஸ் மட்டும் லிவர்பூலில் எப்படி வெடித்தார்?

கோலின் எண்ணிக்கையைப் பார்க்காமல் கோலின் வகையைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். ஒருவர் அடித்த 30 கோலில் பெனால்டி எத்தனை, 4-0 ஆன பிறகு வந்தது எத்தனை, டிஃபெண்டர் உடம்போடு ஒட்டி நிற்கும்போது அடித்தது எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். சுவாரஸின் கோல்களில் பாதி, அவரே கிளறி உண்டாக்கியவை. டிஃபெண்டரின் காலுக்கு நடுவில் பந்தைத் தட்டிவிட்டு, பந்து அவர் மேல் பட்டுத் திரும்பி, மறுபடி இவர் காலுக்கே வரும். அழகில்லை. ஆனால் அந்த வகை கோல் எந்த நாட்டுக்கும் விசா இல்லாமல் போகும். இடைவெளி கிடைத்தால் மட்டும் அடிக்கிற கோல், இடைவெளி இல்லாத லீகில் வற்றிவிடும்.

சுவாரஸின் ஆரம்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006-இல் உருகுவேயிலிருந்து க்ரோனிங்கனுக்கு வந்தபோது வயது 19. டச்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. முதலில் இரண்டாம் அணியில்தான் ஆட வேண்டியிருந்தது. அதே கிளப்பில் புரூனோ சில்வா என்ற இன்னொரு உருகுவேக்காரர் இருந்தார், பக்கத்து வீட்டிலேயே. அந்தப் பக்கத்து வீடு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். கோச் பலகையில் வரைந்து காட்டுவது புரியாத ஸ்டிரைக்கர், சக ஆட்டக்காரன் ‘பின்னால் ஆள்’ என்று கத்தினால் திரும்பிப் பார்க்கத் தெரியாத ஸ்டிரைக்கர், எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரு நொடி தாமதமாகத்தான் ஓடுவார். பாக்ஸுக்குள் ஒரு நொடி என்பது ரொம்ப நேரம். இயன் ரஷ் 1987-இல் லிவர்பூலிலிருந்து யுவென்டஸ் போய் ஒரே சீசனில் 7 லீக் கோலோடு திரும்பி வந்தார். இத்தாலியில் இருந்தது வெளிநாட்டில் இருந்த மாதிரி இருந்தது என்று அவர் சொன்னதாக ஒரு ஜோக் இன்றுவரை ஓடுகிறது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ரஷ் பல தடவை மறுத்துவிட்டார், யாரும் கேட்பதாக இல்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆட்டம்

இரண்டாம் டிவிஷனைப் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பவர்கள் விக்டர் யோக்கெரஸின் கதையைப் படிக்க வேண்டும். ஸ்வீடனிலிருந்து 2018-இல் பிரைட்டனுக்கு வந்தார். அந்த கிளப்புக்காக பிரீமியர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஜெர்மனி இரண்டாம் டிவிஷனில் சாங்க்ட் பவுலிக்கு லோன், பிறகு இங்கிலாந்து இரண்டாம் டிவிஷனில் ஸ்வான்சி, பிறகு கவென்ட்ரி. கவென்ட்ரி அவரை நிரந்தரமாக வாங்கிய பிறகுதான் வாழ்க்கை திரும்பியது. அடுத்தடுத்த சீசன்களில் 17, 21 லீக் கோல். 2023-இல் போர்ச்சுகலின் ஸ்போர்டிங் வாங்கியது. 29, அப்புறம் 39, இரண்டு வருஷமும் லீக் பட்டம். 2025-இல் ஆர்சனல். பெரிய கிளப் (அதன் கிளையான லோனோடு சேர்த்து), இரண்டாம் டிவிஷன், நடுத்தர லீக் என்று இங்கே சொல்லும் நான்கு வழிகளில் மூன்றை ஒருவரே சுற்றி வந்திருக்கிறார். கோல் வந்த இடங்கள் எல்லாம் ஒவ்வொரு வாரமும் தன்னை ஆட வைத்த இடங்கள்.

இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 46 லீக் ஆட்டம். சனிக்கிழமை ஆடி, செவ்வாய் ராத்திரி மறுபடி ஆடி, மறுபடி சனிக்கிழமை. மழையில் ஊறிய மைதானம், முழங்கையைத் தூக்கிக்கொண்டே குதிக்கும் நடு டிஃபெண்டர். உடம்பு ஒடிந்துபோகும், ஆனால் ஆட்டம் கிடைக்கும். டிடியர் ட்ரோக்பா தன் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே 21 வயதில், பிரெஞ்சு இரண்டாம் டிவிஷனின் ல மான்ஸ் கிளப்பில். செல்சி அவரை 2.4 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது வயது 26. அவசரப்படுகிற பையன்களுக்கு இந்த ஒரு வயதைச் சொன்னால் போதும்.

இந்த வழியில் ஆபத்து, கிளப் கீழே இறங்குவது. அதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கலாம்: கிளப் டிவிஷன் இறங்கினால் குறிப்பிட்ட தொகைக்கு விட்டுவிட வேண்டும் என்று. எழுதாவிட்டால் சம்பளம் மட்டும் பாதியாகி, ஆள் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

பணம்

பணத்தைப் பற்றிப் பேசும்போது உபதேசம் செய்ய எனக்கு இஷ்டம் இல்லை. ஒரு ஸ்டிரைக்கரின் சம்பாதிக்கும் காலம் 12, 15 வருஷம். ஒரு முட்டி தசைநார் அறுந்தால் அதுவும் இல்லை. குடும்பத்தையே தூக்கி நிறுத்த வேண்டியவர் பணத்தைப் பார்த்துப் போவதைத் தப்பு என்று சொல்ல, வீட்டில் சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தகராறு எல்லாம் வயதில்தான். ஜாக்சன் மார்ட்டினெஸ் போர்ட்டோவில் கோல் மழை பொழிந்தவர். 2015-இல் அட்லெட்டிகோ மாட்ரிட், அங்கே அரை சீசன் சரியாகப் போகவில்லை. 2016 பிப்ரவரியில் சுமார் 4.2 கோடி யூரோவுக்கு சீனாவின் குவாங்சௌ எவர்கிராண்ட். கணுக்கால் காயம் ஆறவே இல்லை. ஆட்டமே இல்லாத நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2018-இல் போர்ச்சுகலின் ஒரு சின்ன கிளப்பில் திரும்பி வந்தார், 2020-இல் ஓய்வு. காயம் எங்கே இருந்தாலும் வரும். ஆனால் அட்லெட்டிகோவில் இன்னொரு சீசன் போராடியிருந்தால் என்ன என்ற கேள்வி கூடவே ஒட்டிக்கொண்டது. ஜான் டுரான் 2025 ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவிலிருந்து சவுதியின் அல் நசருக்குப் போனபோது வயது 21. அதே கோடையில் துருக்கியின் ஃபெனர்பாஹ்சேக்கு லோன்.

வயதை விட்டால் அடுத்தது முதலாளியின் மனசு. ரஷ்யாவின் அன்ஷி மகச்கலா 2011-இல் சாமுவேல் எட்டோவைக் கூட்டி வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2013-இல் முதலாளி செலவைக் குறைக்க முடிவு செய்தார், ஒரே மாதத்தில் அணி கலைந்தது, அடுத்த வருஷம் கிளப் டிவிஷன் இறங்கியது. சீனாவின் ஜியாங்சு 2020-இல் லீக் பட்டம் வென்று சில மாதங்களிலேயே, 2021 பிப்ரவரியில், செயல்பாட்டையே நிறுத்தியது. இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர் ஃபிஃபாவின் ஒரு விதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்து, அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியேறலாம்.

31 வயதில், முழங்கால் முனக ஆரம்பித்த பிறகு, இதே ஒப்பந்தம் வந்தால் நானே பேனாவை எடுத்துக் கொடுப்பேன்.

பந்தை யார் கொடுப்பது?

மேலே ஃபிராங்க்ஃபர்ட்டில் பந்தை இறக்கி வைத்த ஹாலரை விட்டுவிட்டு வந்தோம். யோவிச் மாட்ரிட் போன அதே 2019 கோடையில் அவர் சுமார் 4.5 கோடி பவுண்டுக்கு வெஸ்ட் ஹாம் போனார். அங்கே அவர் முன்னால் தனி ஆள். பின்னாலிருந்து நீளமாக அடிக்கப்படும் பந்தோடு தனியாகப் போராட வேண்டும், இறக்கி வைத்தால் எடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. ஒன்றரை சீசனில் 10 லீக் கோல். 2021 ஜனவரியில் பாதி விலைக்கும் குறைவாக அயாக்ஸுக்கு விற்றுவிட்டார்கள். அயாக்ஸ் யூரோப்பா லீகுக்கு ஆட்டக்காரர் பட்டியலை அனுப்பும்போது அவர் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டது. நிஜமாகவே மறந்துவிட்டது. கிளப்பின் விலையுயர்ந்த ஸ்டிரைக்கர் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்.

அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீகில் அவருடைய முதல் ஆட்டம், ஸ்போர்டிங்குக்கு எதிராக: நாலு கோல். சீசன் முடியும்போது சாம்பியன்ஸ் லீகில் மட்டும் 8 ஆட்டத்தில் 11. என்ன மாறியது என்றால், இரண்டு பக்கமும் ஓடி வந்து பந்தை அனுப்ப ஆட்கள் இருந்தார்கள். 2022-இல் டார்ட்மண்டுக்குப் போன கையோடு விரையில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நோய் தெரிந்து ஆறு மாதத்தில், சிகிச்சையை முடித்துக்கொண்டு களத்துக்குத் திரும்பினார். 2024 பிப்ரவரியில் அபிஜானில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி, நைஜீரியாவுக்கு எதிராக 1-1. 81-ஆவது நிமிடம், இடது பக்கத்திலிருந்து சிமோன் அடிங்ரா ஒரு கிராஸ் அனுப்பினார். டிஃபெண்டருக்கு முன்னால் காலை நீட்டி, நுனியால் தட்டினார் ஹாலர். ஐவரி கோஸ்ட் சாம்பியன்.

அதனால், லீகின் பெயரைக் கேட்பதற்கு முன் அந்த அணியின் இரண்டு ஓரங்களிலும் ஆடும் விங்கர்கள் யார், அவர்கள் வெளியே ஓடி, பாக்ஸுக்குள் பந்தைத் தூக்கி அனுப்பி கிராஸ் போடுபவர்களா, உள்ளே வெட்டித் தாங்களே ஷாட் அடிப்பவர்களா என்று கேளுங்கள். தலையால் அடிக்கிற ஸ்டிரைக்கர், உள்ளே வெட்டுகிற விங்கர்களுக்கு நடுவில் போய் மாட்டினால் சீசன் முழுக்கக் கையை உயர்த்திக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

கையெழுத்துக்கு முன்

இவ்வளவு ஒப்பிட்ட பிறகும் சில கதவுகளை நாடே சாத்திவிடும். 2009-இல் சுனில் சேத்ரிக்கு லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் மூன்று வருட ஒப்பந்தம் கைகூடி வந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70-க்குள் இல்லை என்பதால் பணி அனுமதி கிடைக்கவில்லை. பிரெக்சிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து வெளிநாட்டவருக்குப் புள்ளி முறையை வைத்திருக்கிறது. தேசிய அணியில் எத்தனை ஆட்டம், எந்த லீகில் எத்தனை நிமிடம் என்று எண்ணுகிறார்கள். அதாவது, பெஞ்சில் உட்கார்ந்த வருஷம் அடுத்த விசாவையும் சேர்த்துத் தின்றுவிடும். ஸ்பெயினில் ஒரு கிளப் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களை எத்தனை பேர் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஜெர்மனியில் அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. பாஸ்போர்ட் பலவீனமானவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 18 வயது ஆகாதவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை, சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா தடுத்திருக்கிறது. 16 வயதுப் பையனை ஐரோப்பாவில் சேர்த்துவிடுகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட் வந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

அப்புறம் சில்லறைக் கேள்விகள். பெனால்டி யார் அடிப்பது? 2024 நவம்பரில் ஸ்போர்டிங் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று அடித்த ராத்திரியில் யோக்கெரஸின் மூன்று கோலில் இரண்டு பெனால்டி. ஒரு சீசனில் ஐந்தாறு கோல் வித்தியாசம் இதிலேயே வந்துவிடும். சொல்லப்படும் சம்பளம் வரிக்கு முன்பா, பின்பா? என்னை வேண்டும் என்று சொன்னது கோச்சா, டைரக்டரா? கோச் என்றால் அவருடைய ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது? அவர் போய்விட்டால், அடுத்து வருபவர் தன் ஸ்டிரைக்கரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

இதற்கெல்லாம் ஏஜென்ட்டிடம் பதில் இருக்கும், நல்ல பதிலாகத்தான் இருக்கும், அவருக்குக் கமிஷன் இருக்கிறது. நான் கேட்கச் சொல்வது வேறு ஒருவரை. அந்த கிளப்பில் போன வருஷம் இதே இடத்தில் ஆடிவிட்டு வெளியேறிய ஸ்டிரைக்கர் யார் என்று தேடுங்கள். நம்பர் கிடைப்பது கஷ்டமில்லை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த தொழில் இது. ‘சனிக்கிழமை 90 நிமிடத்தில் உனக்கு எத்தனை பந்து வந்தது?’ என்று கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்று அப்புறம் கேட்கலாம்.